ஆறு மணிக் கிளாஸ்

ஐஸ் தட்டை முறுக்கியதும் கட்டிகள் கலகலவென்று பாத்திரத்தில் விழுந்தன. இரத்தினம்மா திடுக்கிட்டு அறைப் பக்கம் பார்த்தாள். சாகக் கிடக்கிற மனிதர் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்கலாமா என்று கூச்சமாக இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகத் தண்ணீர் கேட்கவும் வாய் திறக்காதவர், இந்தச் சத்தத்துக்கு விழித்துக்கொண்டார்.

"ஆறு மணியாச்சோ, இரத்தினம்?"

"இன்னும் இல்லை. கொஞ்சம் பொறுங்கோ."

மகன் உமாசுதன் குசினி வாசலில் வந்து நின்றான். கொழும்பில் வங்கி வேலை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்றதும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன். வெறுங்கையோடு வரவில்லை. கடுதாசிப் பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து அடுப்படி மேசையில் வைத்தான்.

"அம்மா, இண்டைக்கு இதில ஒரு கிளாஸ் போட்டுக் குடுங்கோ. பழைய சாராயம். அப்பா இப்பிடி ஒண்டை வாழ்க்கையில குடிச்சிருக்க மாட்டார்."

"ஈரலுக்குக் கூடாதெல்லே தம்பி."

"இனி என்னம்மா ஈரல்? ஆசைப்பட்டதைக் குடுங்கோ எண்டு டொக்டரே சொல்லிப்போட்டார். நீங்கள்தானே பக்கத்தில நிண்டு கேட்டனீங்கள்."

இரத்தினம்மா போத்தலைப் பார்த்தாள். தேன் நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. மகன் நல்லது செய்யத்தான் வந்திருக்கிறான். நல்லது செய்ய வருகிற பிள்ளைகளால்தான் தாய்மாருக்குச் சங்கடம் வருகிறது. இந்த வீட்டில் மூன்று வருஷமாக ஆறு மணிக் கிளாஸில் சாராயம் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. அவளுக்கும் பக்கத்து வீட்டு ஜுனைதாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது.

அவளுடைய புருஷன் ஆறுமுகநாதன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். பிறந்தது சாவகச்சேரிப் பக்கம். வேலை மாத்தளையில் கிடைத்தது. பென்ஷன் எடுத்த பிறகும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார். இளம் வயதில் சீகிரியாப் பக்கம் ஒரு குளத்தைத் திருத்தப் போயிருந்தபோது, ஹோட்டலில் வேலை செய்த ஒருவன் அவருக்கு இந்தப் பானத்தைக் காட்டிக் கொடுத்திருந்தான். உயரமான கிளாஸ். விளிம்பு வரை ஐஸ். இரண்டு விரல் அளவு சாராயம். பிறகு கிளாஸைச் சரித்துப் பிடித்துக்கொண்டு ஜிஞ்சர் பியரை ஓரமாக வழிய விட வேண்டும். கரண்டியால் ஒரு சுற்று மட்டும். இரண்டாம் சுற்றுச் சுற்றினால் காஸ் போய்விடும், அது பாவம் என்பார். கடைசியில் தேசிக்காய்த் துண்டொன்றைப் பிழிந்து உள்ளே போட்டால் முடிந்தது வேலை. அதற்கு 'ஹைபோல்' என்று பெயர் சொல்வார். இரத்தினம்மாவுக்கு அது ஆறு மணித் தண்ணி, அவ்வளவுதான்.

குடிகாரர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ்தான். பள்ளிவாசலில் அந்திநேர மஃரிப் பாங்கு சொல்லும்போது கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். பாங்கு முடிந்த பிறகுதான் முதல் மிடறு. அந்த மரியாதை ஒன்றுக்காகவே ஜுனைதாவின் புருஷன் நிஸ்தாருக்கு அவரைப் பிடிக்கும்.

பகல் முழுக்க வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிற மனிதர். காலையில் தேத்தண்ணி கொடுத்தால் ஒரு "ம்". மத்தியானம் சோறு போட்டால் இன்னொரு "ம்". ஆனால் விறாந்தை நாற்காலியில் அந்தக் கிளாஸோடு இருக்கிற ஒரு மணி நேரம் மட்டும் பேசுவார். வேலைக் கந்தோரில் நடந்தது, படித்தது, தகப்பன் தோட்டத்தில் வெங்காயம் நட்டது, குளக்கட்டில் யானை துரத்தியது. சொன்ன கதையைத் திருப்பிச் சொல்வார். அவளும் கேட்காத கதையைக் கேட்பது போலக் கேட்பாள். கல்யாணம் என்று ஒன்று அவர்களுக்குள் நடந்ததென்றால் அது அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் ஈரல் பழுதென்று கண்டுபிடித்தார்கள். சாராயத்தால் வந்ததா, எப்போதோ வந்த செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலை விட்டுப்போனதா என்று டொக்டருக்கே சரியாகத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இனி ஒரு சொட்டும் கூடாது என்றார். ஆறுமுகநாதன் நல்ல பிள்ளை போலத் தலையாட்டினார். அடுத்த நாள் ஆறு மணிக்கு அதே நாற்காலியில் வந்து இருந்துகொண்டு, "எனக்குக் கை நடுங்குது இரத்தினம். நீ ஒருக்கா போட்டுத் தாவன்" என்றார்.

கொடுத்தால் மனிதர் இல்லை. கொடுக்காவிட்டால் மனிதர் இருந்தும் இல்லை. அன்றைக்குத் தலையிடி என்று சொல்லித் தப்பிவிட்டு, விடிந்ததும் மதிலடிக்குப் போய் ஜுனைதாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் அஞ்சு நேரம் தொழுற பொம்புள. என்கிட்டப் போய் சாராயத்துக்கு வழி கேக்குறீங்களே" என்று ஜுனைதா சிரித்தாள். ஆனால் யோசித்தாள். நிஸ்தாருக்குப் பட்டணத்தில் சரக்குக் கடை. ஏலம், கராம்பு, கறுவா, சாதிக்காய் என்று அந்த வீட்டுக்குள் போனாலே மூக்கு விழித்துக்கொள்ளும். கொத்தமல்லி அவிப்பதிலிருந்து பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைப்பது வரை அந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் ஜுனைதாதான் கை.

"சாராயம் என்ன ருசி அக்கா?"

"எனக்கென்னண்டு தெரியும்?"

"எனக்கு மட்டும்?" ஜுனைதா கன்னத்தில் விரலை வைத்தாள். "ஆனா குடிக்கிற ஆம்புளைங்கள பாத்திருக்கேன். வாயில ஊத்துனதும் மூஞ்ச எப்பிடிச் சுளிக்கிறாங்க! வேப்பெண்ண குடிச்ச மாதிரி. அப்ப அது கசப்பாத்தான் இருக்கணும். பொறகு தொண்டையத் தடவுறாங்க. அப்ப எரிவும் இருக்கணும்."

"ஓம், அதுவும் சரிதான்."

"கசப்புக்கு மரமஞ்சள் போடுவோம். தடுமலுக்கு அவிச்சுக் குடுப்போமே, அது. நெறமும் அப்பிடியே மஞ்சளா எறங்கும். எரிவுக்கு மிளகு. மணத்துக்கு ரெண்டு கராம்பு."

சாராயத்தை வாயில் வைத்தறியாத இரண்டு பெண்கள் கூடிச் சாராயம் காய்ச்சிய கதை இப்படித்தான் தொடங்கியது. மரமஞ்சள் துண்டுகளை நன்றாக வற்ற விட்டு, மிளகை இடித்துப் போட்டு, வடித்துப் பழைய சாராயப் போத்தலில் ஊற்றிப் பார்த்தார்கள். நிறம் அச்சொட்டாக இருந்தது. வாசனை மட்டும் கஷாய வாசனை. அதற்கும் இரத்தினம்மா ஒரு வழி கண்டாள். சின்னப் போத்தல் ஒன்றில் உண்மைச் சாராயம் கொஞ்சம் வைத்துக்கொண்டு, பஞ்சில் நனைத்துக் கிளாஸின் விளிம்பில் பூசிவிடுவது. "அத்தர் பூசுற மாதிரி" என்று ஜுனைதா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள்.

ருசி பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. ஜுனைதா சாராயப் போத்தலில் ஊற்றியதைத் தொடவே மாட்டாள். இரத்தினம்மா எதையுமே ருசி பார்ப்பதில்லை. சாமிக்கும் புருஷனுக்கும் எச்சில் படைக்கக் கூடாது என்று தாய் பழக்கிய பழக்கம். கறி கொதிக்கிற மணத்திலேயே உப்பின் அளவைச் சொல்லிவிடுவாள். ஒருநாளும் பிழைத்தது கிடையாது.

முதல் நாள் ஆறுமுகநாதன் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். கண் சிவந்தது. ஒரு இருமல் வந்தது. கிளாஸைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"சாராயம் மாறிட்டுதோ?"

"புதுப் போத்தல். வேற சாமானாம்."

அவர் இரண்டாவது மிடறையும் குடித்தார். "நல்லாயிருக்கு" என்றார். பிறகு குளத்துக் கட்டில் யானை துரத்திய கதையைத் தொடங்கினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இரத்தினம்மா மூன்று வருஷம் மறைத்தாள். மாசத்துக்கு ஒருதரம் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவாள். "குடிக்கிறனீங்களா?" என்று டொக்டர் கேட்பார். "இல்லை டொக்டர், ஒரு சொட்டும் இல்லை" என்பார் ஆறுமுகநாதன், கண்ணை நேரே பார்த்து. கூசாமல் பொய் சொல்கிறாரே என்று பக்கத்தில் இருக்கிற அவளுக்குச் சிரிப்பாக வரும். தான் சொல்வது பொய்யில்லை என்று பாவம் அவருக்கே தெரியாதே என்றும் நினைப்பாள். கெட்டதிலும் ஒரு நல்லதாக, அவருக்குத் தன் போத்தலை யாரும் தொடுவது பிடிக்காது. தீபாவளிக்கு வந்த உமாசுதன் ஒருதரம் கை வைக்கப் போக, "அது என்ர. நீ உனக்கு வேறை வாங்கு" என்று விழுந்து பாய்ந்தார். வயது போகப் போகக் கஞ்சத்தனம் கூடுகிறது என்று மகன் சொன்னான். அவளும் ஓமென்றாள்.

இதெல்லாம் விளையாட்டுப் போலத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் ஒருநாள் அவர் யானைக் கதையைப் பாதியில் நிறுத்தினார்.

"உன்ர அம்மா செத்த நேரம் உன்னை நான் விட்டிருக்க வேணும், இரத்தினம்."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. கிளாலிக் கடலைப் படகில் தாண்டித்தான் ஊருக்குப் போக வேண்டும். தாய்க்கு நோய் கடுமை என்று செய்தி வந்தபோது அவள் போகப் போகிறேன் என்றாள். அவர் விடவில்லை. உனக்கு ஏதும் நடந்தால் பிள்ளையை யார் பார்ப்பது என்றார். அவளுடைய சித்தியின் மகள் போய், கொள்ளி வைத்ததைப் பார்த்துவிட்டுச் சுகமாகத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் இருவரும் எடுத்ததேயில்லை.

"உனக்காகப் பயந்தன் எண்டு சொன்னது பொய்" என்றார் அவர். "கூட வா எண்டு நீ கேட்டிடுவியோ எண்டு பயந்தன். எனக்குத்தான் பயம். கடலுக்குப் பயம், ஷெல்லுக்குப் பயம். அதை உன்ர தலையில கட்டிப்போட்டன்."

மழை பெய்துகொண்டிருந்தது. கிளாஸில் இருந்த மிச்சத்தை ஒரே மூச்சாகக் குடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அடுத்த நாள் காலையில் தேத்தண்ணிக்கு ஒரு "ம்". கிளாஸோடு சொன்னதைக் காலையில் பேசுவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். அவளும் பேசவில்லை.

ஆனால் அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு முள். கிளாஸில் சாராயம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சாராயம் இருக்கிறது என்று அவர் நம்பினார். அப்படியென்றால் அந்த வார்த்தைகளை யார் சொன்னது? தெளிந்த மனதோடு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, அல்லது வெறியில் உளறியதாக எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு மறைப்புக்குப் பின்னால் நின்று சொன்னாரா? எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அது முழுசாகக் கிடைத்ததா, அரைகுறையாகக் கிடைத்ததா என்று அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அதனால்தான் பதிலும் சொல்லவில்லை.

இப்போது அடுப்படி மேசையில் உண்மையான சாராயம் வந்து நிற்கிறது. கொடுத்தால் முதல் மிடறிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். இவ்வளவு காலம் பெண்சாதி தன்னை ஏமாற்றினாள் என்று தெரியும். வெறி என்று நினைத்துத் தான் சொன்னதெல்லாம் வெறும் மரமஞ்சள் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னது என்றும் தெரியும். சாகிற மனிதரை அப்படிக் கூச வைத்து அனுப்புவதா? கொடுக்காவிட்டாலோ, வாழ்க்கையில் அவருக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான். அதைக் கடைசியாக ஒருதரம் உண்மையாகக் கொடுக்காமல் அனுப்புவதா?

உமாசுதனைத் தேசிக்காய் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டு மதிலடிக்குப் போனாள்.

ஜுனைதா எல்லாவற்றையும் கேட்டாள். "என் வாயால சொல்லக் கூடாது அக்கா" என்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "ஆனா போற மனுசனுக்குப் பொய்யக் குடுத்து அனுப்புனா, இருக்கிற நீங்க நிம்மதியா இருக்க மாட்டீங்க. கோவப்பட்டா கோவப்படட்டும். உங்கட புருஷன்தானே."

பாங்கு முடியும் வரை இரத்தினம்மா குசினியிலேயே நின்றாள். பிறகு உயரமான கிளாஸை எடுத்தாள். ஐஸ், மகன் கொண்டுவந்த சாராயம் இரண்டு விரல், ஓரமாக வழிய விட்ட ஜிஞ்சர் பியர், ஒரு சுற்று, தேசிக்காய். எந்தக் களவும் இல்லாமல் அவள் அவருக்குப் போட்ட முதல் கிளாஸ் அதுதான்.

உமாசுதன் தகப்பனை நிமிர்த்தித் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். மனிதர் பாதியாகப் போயிருந்தார். கண்ணும் தோலும் மஞ்சளித்துக் கிடந்தன. கிளாஸில் குடிக்க முடியாது என்பதால் இரத்தினம்மா ஒரு கரண்டி எடுத்து உதட்டில் வைத்தாள்.

அவர் வாங்கினார். வாயில் வைத்திருந்தார். ஒரு நிமிஷம் அவருடைய முகம் நாற்பது வயதுக்காரரின் முகம் போல ஆனது. விழுங்கினார். பிறகு கண்ணைத் திறந்து அவளைத் தேடினார். கோபத்தைக் காணவில்லை.

"இது வேண்டாம்" என்றார் மெதுவாக. "வழமையானதைத் தாவன்."

"அப்பா, இது நல்ல சாமான் அப்பா. இன்னொருக்காக் குடிச்சுப் பாருங்கோ."

"வேண்டாம். அவ போடுறதைத் தரச் சொல்லு."

"அம்மாதான் போட்டவ."

ஆறுமுகநாதன் தலையை ஆட்டினார். உதட்டோரத்தில் சிரிப்புப் போல ஏதோ ஒன்று இருந்தது. மகன் தாயைப் பார்த்து, "நாக்குச் செத்துப்போச்சு" என்று வாயசைத்தான்.

அவள் குசினிக்கு ஓடினாள். குளிர்பெட்டிக்குள் பின்வரிசையில் நின்ற மரமஞ்சள் போத்தலை எடுத்து ஊற்றினாள். பஞ்சில் சாராயம் நனைத்து விளிம்பில் பூசக்கூட மறந்துபோனாள். அறைக்குத் திரும்பிக் கரண்டியால் கொடுத்தபோது ஒன்று, இரண்டு, மூன்றென்று வாங்கினார். நாலாவது வழிந்துவிட்டது. அவள் சேலைத் தலைப்பால் தாடையைத் துடைத்தாள்.

"நல்லாயிருக்கு" என்றார்.

அதுதான் கடைசியாகப் பேசியது. அடுத்த நாள் காலையில் தேத்தண்ணி கொண்டுபோனபோது "ம்" சொல்லவில்லை. அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, அவருடைய காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் மகனைக் கூப்பிட்டாள்.

மாத்தளையில் இருக்கிற சொந்தமெல்லாம் வந்தது. கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தது. பழைய கந்தோர்க்காரர்கள் சிங்களத்தில் துக்கம் விசாரித்துவிட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்கள். பின்வளவில் நின்ற ஆண்களுக்கு உமாசுதனின் போத்தல் போய்ச் சேர்ந்தது. திறந்த போத்தலை என்ன செய்வது என்று அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். கிரியைக்குச் சுண்ணம் இடித்தார்கள். வாய்க்கரிசி போட இரத்தினம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். அரிசியை வைத்தபோது அந்த வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழச் சொல்லித் தோளைத் தட்டினார்கள். அழுகை வரவில்லை. அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. இனி யாரிடம் கேட்பது என்ற கோபம்தான் வந்தது. நாக்குச் செத்துத்தான் பழையதைக் கேட்டாரா? மூன்று வருஷம் குடித்துப் பழகிவிட்டதால் கேட்டாரா? அல்லது, அல்லது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மயானத்துக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் ஜுனைதா சோறும் மரக்கறியும் கொண்டுவந்திருந்தாள். மச்ச மாமிசம் படாத புதுச் சட்டி வாங்கி, அதில் சமைத்தது. சட்டியைக் குசினியில் வைத்துவிட்டு இரத்தினம்மாவைத் தேடினாள். அவள் முழுகிய ஈரத் தலையோடு குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா தேடுறீங்க?"

"இதை ஊத்திப்போடுவம் எண்டு."

மரமஞ்சள் போத்தலில் கால்வாசி மிச்சம் இருந்தது. தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சரித்தாள். பிறகு நிமிர்த்திக்கொண்டாள். ஏன் என்று தெரியாது. உயரமான கிளாஸ்களில் இன்னொன்றைக் கழுவி எடுத்தாள். ஐஸ் போட்டாள். மஞ்சள் தண்ணீரை ஊற்றி, சரித்துப் பிடித்து ஜிஞ்சர் பியரை ஓரமாக விட்டாள். ஒரு சுற்றுக் கிண்டினாள். இனி யாருக்கும் எச்சில் படைக்கிற பயம் இல்லை. கிளாஸை வாயில் வைத்து ஒரு மிடறு குடித்தாள்.

முதலில் இனிப்பாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு மரமஞ்சள் நாக்கின் அடியைப் பிடித்தது. வாழ்நாளில் அப்படி ஒரு கசப்பை அவள் அறிந்ததில்லை. துப்ப நினைப்பதற்குள் மிளகு தொண்டையில் தீ வைத்தது. கராம்பு மூக்கில் ஏறியது. இருமி இருமிக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா? என்ன குடிச்சீங்க?"

பேச முடியாமல் கிளாஸை நீட்டினாள். ஜுனைதா பின்வாங்கினாள்.

"இது வேறை கிளாஸ். கழுவினது. சாராயம் பூசேல்லை. போத்தலும் எத்தனை தரம் கழுவினது எண்டு உமக்குத் தெரியும்தானே. ஒரு துளி குடிச்சுப் பாரும் ஜுனைதா."

அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஜுனைதா மறுக்கவில்லை. பிஸ்மி சொல்லி ஒரு துளி குடித்தாள். அடுத்த கணம் தொட்டியில் துப்பினாள். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். மறுபடியும் கொப்பளித்தாள்.

"யா அல்லாஹ்! இதையா? இதையா அக்கா மூணு வருஷமா ஐயாவுக்குக் குடுத்தோம்?"

"ஓம்."

"இது சாராயமா இருக்கும்னு ஒரு மனுசன் நம்புவானா? மாடு கூட நம்பாதே!"

"ஓம்" என்றாள் இரத்தினம்மா மறுபடியும்.

"ஐயா என்ன சொல்லுவாங்க குடிச்சிட்டு?"

"நல்லாயிருக்கு எண்டு சொல்லுவார்."

ஜுனைதா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எங்கேயோ திரும்பி அழுகையாகிவிட்டது. முக்காட்டின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். கூடத்தில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த முஸ்லிம் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் பார் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

இரத்தினம்மா கிளாஸை வாங்கிக்கொண்டு குசினி வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். இன்னொரு மிடறு குடித்தாள். உடம்பு உலுக்கியது. விழுங்கினாள். மழைக்காலத்து அந்தப் பின்னேரத்தை நினைத்தாள். கடலுக்குப் பயம், ஷெல்லுக்குப் பயம் என்று சொன்னபோது அவர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். மறைக்க ஒரு துணிகூட இல்லாமல் சொல்லியிருக்கிறார்.

"போதும்க்கா. ஊத்திருங்க. வயித்துக்கு ஆகாது."

"இன்னும் பாதி இருக்கு" என்றாள் இரத்தினம்மா.

ஐஸ் கரையவில்லை. அவள் அவசரப்படாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.